1994 ஹைலக்ஸ் டீசல் பிக்கப்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 1994-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். ஐந்தாம் தலைமுறை, 1988-இல் வந்த அந்த உருவம் 1997 வரை தொடர்ந்தது. ஒற்றை கேபின், ஐந்து கியர், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். உள்ளே 3எல் என்ஜின்: நாலு சிலிண்டர், 2779 சிசி, டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வாங்கும்போது மீட்டரில் 4 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர். அதற்குப் பிறகு நான் 31 ஆயிரம் ஓட்டியிருக்கிறேன். மரவேலை என் தொழில். பலகை, பிளைவுட், சில நாள் முழு அலமாரி என்று வாரத்தில் நாலு நாளாவது பின் தொட்டி நிறைந்துதான் போகும்.

வண்டி எப்படி என்று சொல்வதற்கு முன் அதை வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதான டீசல் வண்டிகளில் ஒரே மாடலில் ஒன்று தங்கமாக இருக்கும், அடுத்தது தலைவலியாக இருக்கும். நான் மூன்று ஹைலக்ஸ் பார்த்துத்தான் இதை எடுத்தேன்.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. மீட்டரில் 1 லட்சத்து 30 ஆயிரம்தான். ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது, ஸ்டியரிங் வளையம் வழவழப்பாகியிருந்தது. அந்த ரப்பர் அவ்வளவு தேய லட்சக்கணக்கான முறை மிதித்திருக்க வேண்டும். பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருந்தேன். கதவுக்கு அடியிலும் பின்சக்கர வளைவிலும் அது ஒட்டவே இல்லை. உள்ளே முழுக்கப் பட்டி. அப்புறம் கீழே படுத்து சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஒரு சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது, துரு அடை அடையாகக் கொட்டியது. பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இடம்தான். என்ஜினை இறக்கிப் புதுப்பிக்கலாம், கியர்பெட்டியை மாற்றலாம். சேஸ் உளுத்துப்போனால் வண்டியே போய்விட்டது. எழுந்து கையைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது வண்டிக்குக் காலையிலேயே போனேன். பானெட்டில் கை வைத்தால் சூடு. கழுவுவதற்காக நகர்த்தியதாக விற்பவர் சொன்னார். சரி, நாளைக்கு வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். மறுநாளும் சூடு. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. 3எல் என்ஜினில் காற்று 22.2 மடங்கு அழுத்தப்படுகிறது. பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கும் ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடும், சூடு போதாது. அப்போது செல்ஃப் நெடுநேரம் சுற்றும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். ஒரு முறை சூடாகிவிட்டால் இந்தத் தேய்மானம் எல்லாம் மறைந்துகொள்ளும். அதனால் ராத்திரி முழுக்க நின்று ஆறிய என்ஜினின் முதல் ஸ்டார்ட்டை நேரில் பார்க்காமல் எந்தப் பழைய டீசலுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் என் வண்டி. பெயின்ட் வெளிறி, தொட்டியெல்லாம் நசுங்கி, சீட் கிழிந்து கிடந்தது. சேஸ் மேலாக மட்டும் துருப்பிடித்து, தட்டினால் கடைசி வரை ஒரே மாதிரி ஒலித்தது. என்ஜின் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்ததும் விற்பவர் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் தெளிந்தது. நீலப் புகை வந்திருந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். கறுப்பு என்றால் பெரும்பாலும் காற்று வடிகட்டி, டீசலைத் தெளிக்கும் நாசில் அல்லது பம்ப் செட்டிங். அது பயப்படுகிற விஷயம் அல்ல.

ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதன் மேலேயே வைத்தேன். லேசாக நடுங்கியதே தவிர எகிறி விழவில்லை. ரிங் தாண்டி வரும் காற்று குறைவு என்று புரிந்தது. ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மைக்கறுப்பு. டீசலில் அது இயல்பு, பால் நிறம் இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். ஸ்டார்ட் ஆன உடனேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று பிடித்துப் பார்த்தேன். இறுகினால் சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. இதில் இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனும், அதாவது காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்றும், பார்த்தோம்: 28, 28, 27, 26 பார் (அழுத்தத்தின் அலகு). இந்த என்ஜின் புதிதாக இருக்கும்போது 30-ஐத் தாண்டும். 20-க்குக் கீழே போனால் பிரித்தாக வேண்டும். அவ்வளவு ஓட்டத்துக்கு அந்த எண்கள் அருமையானவை. கிளட்ச் போகப்போகிறது என்று விற்றவரே முதலில் சொன்னார். அதுவும் உண்மை, முதல் மாதமே மாற்றினேன். குறையைத் தானாகச் சொன்னதால் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப முடிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் உட்பட யாருடைய வார்த்தையையும் நம்ப வேண்டாம்: டைமிங் பெல்ட். இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் டீசல் பம்பையும் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். 22 மடங்கு அழுத்துகிற என்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் ஏது? ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. அதற்காக மீட்டர் பக்கத்தில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கும் இருக்கிறது. அந்த விளக்குக்குத் தெரிந்தது ஓடிய தூரம் மட்டும்தான், பெல்ட்டின் நிலைமை அதற்குத் தெரியாது. பெல்ட்டைத் தொடாமலேயே விளக்கை அணைத்துவிட முடியும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினேன். பழைய பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பெல்ட்டோடு நெடுந்தூரம் ஓட்டி வந்திருந்தேன்.

இரண்டு வருடத்தில் வந்த பெரிய தொல்லை ஒன்றே ஒன்று. சில காலைகளில் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பம்ப் போய்விட்டது என்று ஒருவர் பயமுறுத்தினார். கடைசியில் பார்த்தால் டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பர் வயதாகி வெடித்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிட, காலையில் வெறும் குழாயை பம்ப் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தலையை மட்டும் மாற்றியதும் சரியாகிவிட்டது. பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இந்த வகை பம்புக்கு எண்ணெய்ப் பசையே டீசல்தான், தண்ணீர் போனால் உள்ளே அரித்துவிடும்.

இன்னொன்று, வாங்கியபின் கீழே பார்த்தபோது கண்டுபிடித்தது. பாரத்துக்குத் தகுந்தபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு, பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். முன்பு வைத்திருந்த யாரோ அந்தக் கம்பியைக் கழற்றி மேலே கட்டிவிட்டிருந்தார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, பார்க்கும்போதே பாருங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? மெதுவான வண்டி. பாரத்தோடு மேடு ஏறும்போது மூன்றாம் கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போகிறேன். ஆனால் கீழ் வேகத்தில் இழுக்கும் அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. பாரம் ஏற்றியபிறகு வண்டி இன்னும் அழகாக உட்கார்ந்து ஓடுகிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் பக்கம் கிடைக்கிறது. கேபினுக்குள் சத்தம் அதிகம், நீண்ட பயணத்தில் காது களைத்துவிடும். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. வெறும் தொட்டியோடு மழை ரோட்டில் திரும்பினால் பின்பக்கம் வழுக்கும். குடும்பத்தோடு போக நான் இதை எடுப்பதில்லை.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. இந்த வண்டியில் அதை வடிகட்ட எதுவும் இல்லை. பட்டறைக்குள் ரிவர்ஸ் எடுத்து வந்ததும் என்ஜினை அணைத்துவிடுகிறேன், உள்ளே வைத்து சூடாக்குவதே இல்லை. பழைய டீசலை உள்ளே விடாத நகரங்களும் உண்டு. உங்கள் வேலை அப்படியொரு நகரத்துக்குள் என்றால் இதை வாங்காதீர்கள்.

காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) வைத்த புதிய டீசல்கள் பல மடங்கு சுத்தம், வேகமும் அதிகம். அவற்றில் டீசல் 1,300 பாருக்கு மேல் அழுத்தத்தில் பாய்கிறது. இதில் நாசில் திறப்பதற்கு நூற்றுச் சொச்சம் பார் போதும். அந்தக் குறைந்த அழுத்தத்தால்தான் நாசிலைக் கழற்றிச் சோதித்து, முனையை மட்டும் மாற்றித் திரும்பப் போட முடிகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, அவசரமில்லாத, தினமும் பாரம் ஏற்றுகிற ஆளுக்கு இந்த வண்டியை நான் மனதாரச் சொல்வேன். ஐந்துக்கு நாலு மதிப்பெண். குறைத்த ஒன்று பிரேக்குக்காக.

அடுத்த வேலை பின் ஸ்பிரிங் பட்டைகளின் புஷ், அதாவது பட்டை மாட்டும் இடத்தில் போடும் வளையங்கள். நாலும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், கையில் இருக்கும் கதவு வேலை முடிந்ததும் மாட்டிவிட வேண்டும்.