தனி வக்கீலின் அவசரகாலப் பதிவேடு: சில ஆண்டு அனுபவம்

தஞ்சாவூரில் தனியாக உரிமையியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். ஒரு குமாஸ்தா, ஒரு ஜூனியர், வாடகைக்கு ஓர் அறை, அலுவலகம் அவ்வளவுதான். நான் திடீரென்று படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ கட்சிக்காரர்களின் வழக்குகள் அந்தரத்தில் நிற்கக் கூடாது என்று 2021-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினேன். இன்றுவரை அதைக் கைவிடவில்லை. அதில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதைத் தனியாகத் தொழில் நடத்தும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் பகுதியில் ஒரு மூத்த வக்கீல் இறந்தார். அடுத்த மாதமே அவர் வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். “அம்மா, என் மூலப் பத்திரத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள், நான் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கேட்பவரிடம் அவருடைய மனைவி என்ன சொல்ல முடியும்? அலமாரி நிறைய வழக்குக் கட்டுகள். எது யாருடையது என்பது இறந்தவருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் மட்டுமே தெரியும். குமாஸ்தாவும் அப்போது மருத்துவமனையில் இருந்தார். உச்ச நீதிமன்றம் 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தை, வழக்கும் மேல்முறையீடும் தாக்கல் செய்வதற்கான காலவரையறைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்ததால் பல மேல்முறையீடுகள் பிழைத்தன. அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. இன்று ஒரு வக்கீல் இறந்தாலும் முப்பது நாள் கெடு முப்பது நாள்தான்.

முதலில் வக்காலத்தை, அதாவது தனக்காக ஆஜராகும்படி கட்சிக்காரர் வக்கீலுக்குக் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரத்தை, சரிசெய்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3 விதி 4-இன்படி வக்கீல் இறந்தால் அவருடைய வக்காலத்தும் முடிந்துவிடுகிறது. ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் கட்சிக்காரரைத் தேடிப் பிடித்துப் புது வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்வரை வழக்கில் ஆஜராக ஆள் இல்லை. அதற்குள் வாய்தா வந்தால், நம் கட்சிக்காரர் வாதியானால் வழக்கு தள்ளுபடியாகலாம், பிரதிவாதியானால் அவருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகலாம். இரண்டையும் நீக்க மனுப்போடக் கெடு முப்பது நாள். இப்போது எல்லா வக்காலத்திலும் என் பெயரோடு ஜூனியர் பெயரும் இருக்கிறது. “நீங்கள்தானே வாதாடுவீர்கள்?” என்று சிலர் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் மறுப்பவர் இல்லை. இந்த ஏற்பாட்டில் செலவே இல்லாத பகுதி இது. ஒரு தாளும் கூடுதலாக வேண்டியதில்லை.

அடுத்தது பதிவேடு. எல்லாரும் நிலுவை வழக்குகளின் பட்டியலைத்தான் முதலில் நினைப்பார்கள். உண்மையில் அது அவ்வளவு அவசரமானதே அல்ல. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரையோ பார் கவுன்சில் பதிவு எண்ணையோ போட்டால் வழக்குகள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் அடுத்த வாய்தாவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தத் தளத்திலும் தெரியாதது இன்னும் நீதிமன்றத்தை எட்டாத வேலை. அனுப்பிய நோட்டீஸ், பாதி எழுதிய பிராது, சான்று நகலுக்காகக் காத்திருக்கும் மேல்முறையீடு, கட்சிக்காரர் இறந்ததால் தாக்கல் செய்ய வேண்டிய வாரிசுச் சேர்ப்பு மனு ஆகியவை மேசை இழுப்பறையிலும் நம் தலைக்குள்ளும்தான் இருக்கின்றன.

அதனால் பதிவேட்டின் முதல் பக்கங்களை இவற்றுக்கு ஒதுக்கினேன். ஒரு வேலைக்கு ஒரே வரி: கட்சிக்காரர் பெயர், கைபேசி எண், எதிர்த்தரப்பு, கட்டு எந்தத் தட்டில் இருக்கிறது, கடைசித் தேதி. கடைசித் தேதி சிவப்பு மையில். கட்டு அலுவலகத்துக்குள் வரும் அன்றே ஜூனியர் கணக்கிட்டு எழுத வேண்டும், நான் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதி இல்லை.

சென்ற ஆண்டு பித்தப்பை வெடிக்கும் நிலையில் எனக்கு அவசர அறுவைச் சிகிச்சை நடந்தபோது இந்தப் பக்கங்கள்தான் காப்பாற்றின. வாய்தாக்களை ஜூனியர் பார்த்துக்கொண்டார். பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி நின்றது: பாபநாசம் பக்கத்து நெல் வியாபாரி ஒருவரின் காசோலை விவகாரம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருந்தோம். அதைப் பெற்ற எதிராளிக்குப் பணம் தர இருந்த பதினைந்து நாளும் கடந்துவிட்டது. புகார் தாக்கல் செய்யும் ஒரு மாதக் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. ஜூனியர் வியாபாரிக்குத் தொலைபேசியில் சொல்லி, கையெழுத்து வாங்கி, கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டார். தாமதத்தை மன்னிக்க, காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 142-இல் வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி மனு, எதிராளிக்கு நோட்டீஸ், அதன் மேல் வாதம் என்று மாதங்கள் ஓடும். வக்கீல் படுக்கையில் விழுந்ததற்கு அந்த வியாபாரி ஏன் விலை கொடுக்க வேண்டும்? 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீல் வராத குற்றத்துக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நியாயம் கிடைக்க அவர் டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

ஜூனியர் இன்னும் இளையவர். நான் இறந்தேபோனால் முழுப் பொறுப்பையும் அவர் தலையில் சுமத்த முடியாது. அதற்கு அனுபவமுள்ள இன்னொரு வக்கீல் வேண்டும். இந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகக் கடினமான பகுதி. சிறிய ஊர் நீதிமன்றத்தில் நாம் யாரை மிகவும் நம்புகிறோமோ அவரே பாதி வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீலாக இருப்பார். அவரிடம் என் கட்டைக் கொடுப்பது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். அதனால் கும்பகோணத்தில் தொழில் செய்யும் சக வக்கீல் ஒருவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அவருக்கு நான், எனக்கு அவர். என் எதிர்த்தரப்புப் பெயர்களை மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை அவர் பார்ப்பார். அதில் அவருடைய கட்சிக்காரர் யாராவது இருந்தால் அந்தக் கட்டு திருவாரூரில் உள்ள மூன்றாம் ஆளுக்குப் போகும். வழக்கின் உள்விவரம் எதுவும் பட்டியலில் இராது. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை பாரதீய சாட்சியச் சட்டம் 132-இன்படி குமாஸ்தாவுக்கும் உண்டு என்பதை அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுதினோம். வக்கீல் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடப் பார் கவுன்சில் விதிகள் இடம் தரவில்லை. எனவே இறக்கும் நாள்வரை நான் செய்த வேலைக்கான கட்டணம் என் வாரிசுகளுக்கு, அதன்பின் வருவது வழக்கை நடத்துபவருக்கு. கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடிப் போக விரும்பினால் கட்டைத் தடுக்கக் கூடாது. கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

வழக்கு மேலாண்மைச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். நினைவூட்டல்கள் நன்றாக வந்தன. ஆனால் உள்நுழையும் ஓ.டி.பி. என் கைபேசிக்குத்தான் வரும். அறுவைச் சிகிச்சை அன்று கைபேசி மனைவியின் கைப்பையில் அணைந்து கிடந்தது. வக்கீல் நலமாக இருக்கும்வரை மட்டும் திறக்கும் கருவி அவசரகாலத்துக்கு ஆகாது. இணையவழியே மனுக்களைத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் கணக்குக்கும் இதே சிக்கல்; ஜூனியருக்குத் தனிக் கணக்கு தொடங்கியதில் அது தீர்ந்தது. காகிதப் பதிவேட்டுக்கு மின்சாரமும் கடவுச்சொல்லும் வேண்டாம். மாதம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்துக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

பலவீனமும் உண்டு. இதைத் தினமும் எழுத வேண்டும். நீதிமன்ற விடுமுறை முடிந்து கூட்டம் கூடும் ஜூன் மாதத்தில் எங்கள் குமாஸ்தா சலித்துக்கொள்வார். மூலப் பத்திரங்களை வாங்கியதற்கும் திருப்பியதற்கும் தனிக் குறிப்பேட்டில் கட்சிக்காரர் கையெழுத்து வாங்குவதும் அவருக்குக் கூடுதல் வேலைதான். அதற்காக அவர் சம்பளத்தை உயர்த்தினேன். இந்த ஏற்பாட்டின் உண்மையான செலவு அது ஒன்றே. பழைய கட்டுகளுக்குள் இன்னும் பல பத்திரங்கள் பதிவாகாமல் இருக்கின்றன. வரும் மே மாத விடுமுறையில் அவற்றைப் பிரித்து, தேவை முடிந்தவற்றை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறோம்.