பான்டோபிரசோல்: 6 ஆண்டு போட்டேன், விட்டு 14 மாதம் ஆகிறது

முதுகுவலிக்கு எழுதித் தந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாதென்று துணைக்கு வந்தது பான்டோபிரசோல் 40 மில்லிகிராம். வலி மாத்திரை 3 வாரத்தில் நின்றுவிட்டது. துணைக்கு வந்தது 6 ஆண்டு தங்கிவிட்டது. எதற்காகப் போடுகிறேன் என்று நானும் யோசிக்கவில்லை, மருந்துச்சீட்டைப் புதுப்பித்தவர்களும் கேட்கவில்லை.

நடுவில் இரண்டு முறை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முறையும் சில நாட்களுக்குள் நெஞ்சு பற்றி எரிந்தது. இரவில் தொண்டை வரை புளித்துக்கொண்டு வந்தது. வயிறு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று பயந்து மறுபடியும் மாத்திரைக்கே போனேன். இந்த முடிவு தவறு என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை ஆண்டு பிடித்தது.

இந்த மாத்திரை வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளைப் பூட்டிவிடுகிறது. அமிலம் குறைந்ததும் உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அமிலத்தைத் தூண்டும் செல்களும் மாதக்கணக்கில் பெருகுகின்றன. மாத்திரையை நிறுத்தினால் புதுப் பம்புகள் சில நாளில் வந்துவிடும், பெருகிய செல்கள் அடங்கவோ வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009இல் டென்மார்க்கில், வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 8 வாரம் எசோமெப்ரசோல் (இதே வகை மாத்திரை) போட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அடுத்த 4 வாரத்தில் நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது. போலி மாத்திரை மட்டும் போட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கும் எரிகிறது என்றால், என் எரிச்சலை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டதாக எப்படி முடிவு கட்டுவது?

மூன்றாவது முறை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்காக ஆரம்பிச்சீங்க?" என்பதுதான். பழைய எண்டோஸ்கோபி அறிக்கையைப் பார்த்தார். இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். பி12, மெக்னீசியம் இரண்டையும் பரிசோதிக்கச் சொன்னார். எனக்குப் பி12 குறைவாக இருந்தது. நீண்ட நாள் உபயோகத்தில் இரண்டும் குறைய வாய்ப்புண்டாம். 40 மில்லிகிராமை உடைத்துப் பாதியாகப் போடலாமா என்று கேட்டேன். கூடாது, அமிலத்தில் கரையாமலிருக்கப் பூசிய மேல்பூச்சு கெட்டுவிடும், 20 மில்லிகிராம் தனி மாத்திரையாகவே வருகிறது என்றார்.

4 வாரம் 20 மில்லிகிராம், பிறகு 3 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். ஒரேயடியாக நிறுத்துவதும் சிலருக்கு ஒத்துவருமாம். எனக்குப் பழைய பயம் இருந்ததால் படிப்படியாகப் போனோம்.

நிறுத்திய இரண்டாம் வாரம்தான் கடுமை. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வைத்தேன் (தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகிறது). இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தாங்காத நாளில் ஆன்டாசிட் சிரப், ரொம்ப மோசமான இரவுகளில் மருத்துவர் சொல்லியிருந்த ஃபாமோடிடின் (அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரை). மற்ற மருந்துகளுக்கும் சிரப்புக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விட்டேன். ஆறாம் வாரம் ஒருநாள் சிரப் பாட்டிலைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு நாளாக அது தேவைப்படவில்லை.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். பாரெட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்சுவர் மாறிப்போன நிலை), உணவுக்குழாயில் கடும் புண், முன்பு இரைப்பையில் ரத்தக்கசிவு, தினமும் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ சாப்பிடும் நிலை என்றால் இந்த மாத்திரைதான் உங்களுக்குக் காவல். என் அம்மா ஆஸ்பிரினோடு இதையும் சாப்பிடுகிறார்; அவர் தொடரத்தான் வேண்டும் என்று அதே மருத்துவர் சொல்லிவிட்டார். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் குறைக்கிற பேச்சே வேண்டாம், உடனே காட்டுங்கள்.

எனக்கு இப்போதும் மாதம் ஒன்றிரண்டு முறை எரியும், பெரும்பாலும் தாமதமாகச் சாப்பிட்ட இரவுகளில். ஒரு மூடி சிரப்பில் அடங்கிவிடுகிறது. பி12 சரியான அளவுக்கு வந்துவிட்டது. தலைமாட்டுக் கட்டைகளை இன்னும் எடுக்கவில்லை.