மக்காச்சோளக் களைக்கு அட்ராசினா, பாராகுவாட்டா?

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. விதைத்த மூன்றாம் நாள் ஈரத்தில் அட்ராசின் அடித்துவிடுகிறவர்கள் ஒன்று. களை முளைக்கட்டும், வரிசைக்கு நடுவே பாராகுவாட் விட்டுக் கருக்கிக்கொள்ளலாம் என்பவர்கள் இன்னொன்று. நான் இந்தப் போகத்தில் முதல் கட்சிக்குப் போய்விட்டேன், அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஆள் விட்டுக் களை வெட்டுகிற கூலியோடு பார்த்தால் இரண்டுமே மலிவுதான். வேகத்தில் பாராகுவாட்டுக்கு ஈடில்லை. நல்ல வெயில் இருந்தால் காலையில் அடித்தது சாயங்காலத்துக்குள் வாடிக் கருகத் தொடங்கும்.

இரண்டும் கைவைப்பது ஒளிச்சேர்க்கையில்தான், ஆனால் வேறு வேறு இடத்தில். வெயில் பட்டதும் இலையில் எலக்ட்ரான்கள், ஒளியைப் பிடிக்கிற புரதக் கூட்டங்களான ஒளியமைப்பு 2-லிருந்து ஒளியமைப்பு 1 வரை ஓடுகின்றன, அந்த ஓட்டத்தில்தான் சர்க்கரை செய்யத் தேவையான ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற சக்தி சுமக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. ஒளியமைப்பு 2-ல் டி1 என்ற புரதம் இருக்கிறது. எலக்ட்ரானைச் சுமக்கிற பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்துதான் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு போகும். அட்ராசின் பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். பாராகுவாட் ஓட்டத்தை நிறுத்தாது. ஒளியமைப்பு 1-ல் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜன் தலையில் கட்டிவிட்டு அடுத்ததற்கு வந்து நிற்கும், ஒரே மூலக்கூறு இதைத் திரும்பத் திரும்பச் செய்யும், அந்த வேகத்துக்குக் காரணமே இதுதான். களை பட்டினியால் சாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே, அட்ராசினில் போக்கிடமில்லாத ஒளிச்சக்தியாலும், பாராகுவாட்டில் பறிபோன எலக்ட்ரானாலும் உண்டாகும் வீரிய ஆக்சிஜன் (எதையும் தாக்கிச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவம்) செல் சவ்வைச் சிதைத்துவிடுகிறது, இரண்டு மருந்திலும் முடிவு அதுதான்.

சரி, என்னை ஒரு பக்கம் சாய்த்தது எது என்றால், பயிர் எது களை எது என்று மருந்துக்குத் தெரியுமா என்பதுதான். பாராகுவாட்டுக்குத் தெரியாது, பச்சையாக இருப்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான். நாசிலுக்கு மூடி மாட்டி, காற்றில்லாத நேரம் பார்த்து, நிதானமாக நடக்கிற ஆள் கிடைத்தால் பயிர் தப்பும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் குருத்தில் புள்ளி புள்ளியாகக் கருகல் விழும். அட்ராசின் விஷயம் வேறு. மக்காச்சோளத்திலும் அதே டி1, அதே இடம்தான் இருக்கிறது, ஆனால் வேர் உறிஞ்சிய மருந்தைக் குளுட்டாதயோன் என்ற, செடியிலேயே இருக்கும் சிறு மூலக்கூறோடு ஒட்டிச் செயலிழக்கச் செய்கிற நொதி இந்தப் பயிரில் நிறைய உண்டு, அதனால் பெரும்பகுதி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் முறிந்துவிடும். சாரணை போன்ற களைக்கு அந்த வசதி இல்லை. அதாவது பிரித்தறிகிற வேலையைப் பயிரே பார்த்துக்கொள்கிறது, தெளிக்கிற ஆளின் கைப்பக்குவத்தை நம்பி உட்கார வேண்டியதில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

பாராகுவாட்டை ஒதுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. உள்ளே போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-லும் கேரளா 2011-லும் அதை நிறுத்திவிட்டன. பிள்ளைகள் நடமாடுகிற வீட்டில் அந்தக் கேன் இருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அட்ராசினும் சாதுவல்ல. மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது, வளர்ந்துவிட்ட களையிடம் அவ்வளவாக எடுபடாது. நிலத்தடி நீரில் இறங்குகிறது என்பதால் ஐரோப்பாவில் இதற்கும் இடமில்லை. போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு இருக்கிற நம் மாவட்டத்தில் அளவு கூட்டி அடிப்பது வம்பு. பாராகுவாட் களிமண்ணோடு இறுக ஒட்டி முடங்கிவிடுவதால் அடுத்த பயிரைத் தொடாது, அட்ராசின் மாதக்கணக்கில் தங்கும், சுண்ணாம்பு மண்ணில் இன்னும் நீளும். நான் மக்காச்சோளம் எடுத்த காட்டில் மறுபடியும் மக்காச்சோளமே போடுகிறேன், எனவே பின்னாலேயே தக்காளி வைத்தால் எப்படி வரும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி வைக்கிறவர்கள் கொஞ்சம் மண்ணைத் தொட்டியில் எடுத்து நாற்று நட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

கோரைக்கு இரண்டுமே சரிப்படாது. பாராகுவாட் மேலே கருக்கும், கிழங்கு திரும்பத் துளிர்க்கும். அப்புறம், ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போடுகிறவர்கள் அட்ராசின் பக்கமே வர வேண்டாம், பயறு தாங்காது. பாராகுவாட்டும் அதைக் கருக்கும் என்பதால் அந்தக் காட்டுக்குக் களைக்கொத்துதான்.