கட்டைவிரல் தந்ததும் தராததும்: ஆறு வருடக் கேமரா அனுபவம்

போன வாரம் ஷட்டர் பட்டனை மாற்றினேன், 1,400 ரூபாய். பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்க வேண்டிய பட்டன் ஒரு மாதமாக நேரே படத்தை எடுத்துவிட்டது, இல்லையென்றால் செத்ததுபோல் கிடந்தது. கேமரா கைக்கு வந்த அன்றே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நீங்க வச்சிருக்கிற மாடல் செகண்ட்ஸ்ல ரொம்ப இறங்கிருச்சு. வாங்கவா?"

அந்த ஒரு மாதமும் என்னைக் காப்பாற்றியது கட்டைவிரல்தான். மெனுவுக்குள் போய் ஃபோகஸ் வேலையை ஷட்டரிலிருந்து பிரித்து, பின்பக்கப் பட்டனுக்குக் கொடுத்து மூன்று வருடமாகிறது. கட்டைவிரல் அழுத்தினால் ஃபோகஸ், விரலை எடுத்தால் அது அங்கேயே நிற்கும். ஷட்டர் படம் மட்டும்தான் எடுக்கும்.

இதன் அருமையை அலங்காநல்லூரில் கண்டேன். ஷட்டரிலேயே ஃபோகஸ் இருந்தபோது, காளை வரும் நொடியில் குறுக்கே நீளும் யாராவது ஒருவர் கையில் போய் ஃபோகஸ் ஒட்டிக்கொள்ளும். இப்போது கேலரியில் இருந்தபடி வாடிவாசல் மரத்தில் நடு ஃபோகஸ் புள்ளியை வைத்து ஒரு அழுத்து, விரலை எடுத்துவிட்டேன். அப்புறம் எத்தனை தலை மறைத்தாலும் லென்ஸ் அசையவில்லை. திமில் வெளியே வந்ததும் ஷட்டர். மூக்கிலிருந்து தெறித்த ஈரம்கூடத் தெரிந்தது. காளை களத்தில் ஓடும்போது நகர்வதை விடாமல் பிடிக்கும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றிவைத்து, விரலை எடுக்காமல் துரத்தினால் போதும். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்த லென்ஸும் தந்ததில்லை.

ஆனால் பூக்கார அம்மா படம் இன்னும் உறுத்துகிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விடியற்காலை, டியூப்லைட் வெளிச்சம். கேமராவில் இருப்பது ஒன்பது ஃபோகஸ் புள்ளி. நடுப்புள்ளி ஒன்றுதான் நெடுக்கு, குறுக்கு இரண்டு கோட்டையும் பார்க்கும் கிராஸ் டைப். ஓரப் புள்ளிகளை நம்பினால் அந்த வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் நடுப்புள்ளியை அவர் கண்ணில் வைத்துப் பிடித்தேன். மல்லிகைக் குவியல் கீழே நிறைய வர வேண்டுமென்று கேமராவைச் சாய்த்தேன், எடுத்தேன். 50 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் 1.8, அதாவது லென்ஸ் துளை நன்றாகத் திறந்த நிலை. சின்னத் திரையில் பிரமாதம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்மணி மங்கல், கண்ணோரச் சுருக்கம் மட்டும் கத்தி மாதிரி.

ஃபோகஸ் என்பது சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு சுவர். கேமராவைச் சாய்த்தால் சுவரும் சேர்ந்து சாயும், கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு மீட்டர் தூரத்தில் 10 டிகிரி சாய்த்தாலே ஒன்றரை செ.மீ. போய்விடும். 1.8-இல் அந்தத் தூரத்துக்குக் கிடைக்கும் கூர்மை, முன்னும் பின்னும் சேர்த்தே மூன்று செ.மீ. வராது. நாம் மூச்சு விடும்போது ஆடுகிற ஆட்டம் வேறு. கட்டைவிரலில் பிடித்தாலும் ஷட்டரில் பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

சாய்க்காமல், உட்கார்ந்து எழுவதுபோல் கேமராவை நேராகக் கீழே இறக்கினால் சுவர் நகராது. அல்லது அப்பர்ச்சரைச் சுருக்கி 4-க்குக் கொண்டுபோய், குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். எனக்கு இது தெரிந்தது பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகு. அந்த அம்மா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பூ நல்லா வந்திருக்குய்யா. என் கண்ணுதான் தெரியல" என்றார். இருட்டில் ஓரப் புள்ளி ஒழுங்காக வேலை செய்திருந்தால் நான் கேமராவைச் சாய்த்தே இருக்க வேண்டாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் மருமகனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, ஃப்ரேம் மூலையில் இருந்தாலும் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வாங்கச் சொன்னேன். "அப்ப உங்க கேமராவை விக்கிறீங்களா மாமா?" என்று கேட்டான். விற்க மாட்டேன். வெள்ளிக்கிழமை விடியலில் மார்க்கெட்டுக்குப் போகிறேன், அந்த அம்மாவை மறுபடி எடுக்க வேண்டும்.