4.9 ஸ்டாரை நம்பித் தலையைக் கொடுத்தேன்

சென்னையில் ஒரு பெரிய ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கிளினிக்கில் முடி நட்டு 14 மாதம் ஆகிறது. பெயர் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. நான் ரிவியூ செய்ய வந்தது அந்தக் கிளினிக்கைவிட, அதை எனக்குக் கை காட்டிய ரிவியூக்களைத்தான். அந்தக் கூட்டத்தில் பிறகு நானே எழுதிச் சேர்த்ததும் ஒன்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு வயது 33. இருபத்தெட்டில் நெற்றி ஏற ஆரம்பித்து, முப்பதில் உச்சந்தலையில் டியூப்லைட் வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது. டாக்டர்கள் நார்வுட் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், ஏழு படி. நான் நாலில் நிற்கிறேனாம். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், போட்டோ கேட்கிறார்கள், அம்மா மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோவையே அனுப்பிக்கொண்டிருக்கிறார். சரி, நட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஃபோன் வாங்கினால் பத்து வீடியோ பார்த்து வாங்குகிற ஆள் நான். இதற்கும் அதையேதான் செய்தேன். மேப்பில் தேடி ஒரு மாதம் உட்கார்ந்து படித்ததில் கடைசியாக இரண்டு இடம் மிஞ்சியது. ஒன்று 4.9 ஸ்டார், ஆயிரத்துச் சொச்சம் ரிவியூ. இன்னொன்று ஒரு தோல் மருத்துவரின் சின்ன கிளினிக், 4.1 ஸ்டார், மொத்தமே அறுபது பேர்தான் எழுதியிருந்தார்கள், அதிலும் பாதிப் புலம்பல்: இரண்டு மணி நேரம் காக்க வைத்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை, பார்க்கிங் இல்லை. ஒரு பையன் கோபமாக எழுதியிருந்தான், "22 வயசு ஆகுது, இவ்வளவு முடி கொட்டிடுச்சு, பணம் ரெடியா இருக்குன்னு சொல்லியும் இப்ப வேண்டாம், மாத்திரை சாப்பிட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வான்னு திருப்பி அனுப்பிட்டார், வேஸ்ட்." ஒரு ஸ்டார் கொடுத்திருந்தான். நானும் அதைப் படித்துவிட்டு, திமிர் பிடித்த டாக்டர் போல என்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு ஸ்டார்தான் அந்த ஒரு மாதத்தில் நான் படித்ததிலேயே உருப்படியான ரிவியூ என்று இப்போது தெரிகிறது. 22 வயதில் எவ்வளவு கொட்டும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் நட்டு வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி கொட்டிப்போய் நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொன்ன டாக்டரைத்தான் நான் திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன்.

4.9க்குப் போனேன். வரவேற்பறை நட்சத்திர ஓட்டல் மாதிரி, ஏலக்காய் டீ, முந்திரி பிஸ்கட். டாக்டரைப் பார்ப்போம் என்று போனால் பார்த்தது ஒரு கவுன்சலரை. தலையில் ஒரு கேமராவை வைத்து டிவியில் பெரிதாகக் காட்டினார், என் மண்டை சித்திரை மாதக் காவிரிப் படுகை மாதிரி வெறிச்சென்று இருந்தது. மூவாயிரம் கிராஃப்ட் (பெயர்த்து நடுகிற முடி வேர்) தேவை, ஒன்று 40 ரூபாய், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஒரு பி.ஆர்.பி. (நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் போடுகிற ஊசி) இலவசம் என்றார். ஒரு லட்சத்து இருபதாயிரம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 1,41,600. வைத்தியத்துக்கு ஏது ஜி.எஸ்.டி. என்று கேட்டேன். முடி நடுவதையும் அழகுக்காகச் செய்கிற அறுவையையும் வரிச் சட்டம் வைத்தியக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, பிறவிக் குறைக்கோ விபத்துக்கோ செய்தால்தான் விலக்கு என்றார். சட்டப்படி நான் நோயாளியே இல்லை, கஸ்டமர். அப்போதே மணி அடித்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் அன்று டாக்டர் வந்தார். மார்க்கரால் நெற்றியில் கோடு போட்டார், தோளைத் தட்டினார், "ரிலாக்ஸா இருங்க" என்றார், கால் மணி நேரத்தில் போய்விட்டார். அடுத்த எட்டு மணி நேரம் மூன்று இளைஞர்கள். குப்புறப் படுக்க வைத்து, பின்னந்தலையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மில்லிமீட்டர் வாயுள்ள ஒரு கருவியால் வேர் வேராகத் தோண்டி எடுத்தார்கள். வலி இல்லை, சத்தம்தான், மண்டைக்குள் யாரோ கொய்யாக்காயைக் கடிப்பது போல. அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து நாற்று நடுகிற மாதிரி நட்டார்கள். டிவியில் ஏதோ வடிவேலு காமெடி ஓடியது, நடுகிறவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், "ஆடாதீங்க சார்" என்றார்.

இரண்டாம் நாள் தலை கழுவ வரச் சொன்னார்கள். கழுவி முடித்ததும் கவுன்சலர் மேடம் ஒரு க்யூ.ஆர். கோடு அட்டையைக் கொண்டு வந்து வைத்தார். "சார், ஒரு சின்ன ஹெல்ப். ரெண்டு வரி போட்டீங்கன்னா போதும். என் பேரையும் சேர்த்துடுங்க சார், எங்களுக்கு டார்கெட் இருக்கு. இன்னொரு பி.ஆர்.பி. ஃப்ரீயா போட்டுத் தர்றேன்." நின்றுகொண்டே இருந்தார். வீங்கின நெற்றியோடும் கட்டின துணியோடும் உட்கார்ந்து நானும் எழுதினேன்: வலியே இல்லை, குடும்பம் மாதிரி பார்த்துக்கொண்டார்கள், இன்ன மேடம் ரொம்ப அன்பானவர், தாராளமாக நம்பி வரலாம். ஐந்து ஸ்டார்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஏ.சி. நன்றாக வேலை செய்தது தெரியும். டீ நன்றாக இருந்தது தெரியும். நட்ட முடி மூன்றாவது வாரத்தில் கொட்டும், மூன்று நாலு மாதம் கழித்துத்தான் பூனை முடி மாதிரி எட்டிப் பார்க்கும், ஒரு வருடம் ஆனால்தான் வந்தது எவ்வளவு வராதது எவ்வளவு என்று சொல்ல முடியும். நான் எழுதினது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்ததை வைத்துச் சாப்பாடு பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தது மாதிரி. பொய் ஒன்றும் எழுதவில்லை, எழுதினது எல்லாம் உண்மை, ஆனால் படிக்கிறவனுக்கு வேண்டிய விஷயத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

பிறகு போய் அந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் புதுக் கண்ணோடு படித்தேன். முக்கால்வாசி இரண்டாம் நாள் ரிவியூ. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு ஊழியர் பெயர். வலியே இல்லை, குடும்பம் மாதிரி, நம்பி வரலாம், அச்சு அசலாக என் வரிகள். எழுதினவரின் பெயரைத் தட்டிப் பார்த்தால் சிலர் நிஜமானவர்கள், சாப்பாட்டுக் கடை, பல் டாக்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் வாழ்க்கையில் எழுதினதே இந்த ஒன்றுதான். ஒருவர் ஒரே வாரத்தில் ஜெய்ப்பூரில் பீட்சாக் கடைக்கும், கொச்சியில் ஏ.சி. ரிப்பேருக்கும், சென்னையில் எங்கள் கிளினிக்குக்கும் ஐந்து ஸ்டார் போட்டிருந்தார். நல்ல உழைப்பாளி.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் என்று ஒரு நிறுவனம், தொங்கின முகத்தை இழுத்துச் சரி செய்கிற அறுவை செய்தது. ஊழியர்களே நோயாளி வேஷம் போட்டு இணையத்தில் பாராட்டி எழுதினார்கள், அதற்காக 2009இல் நியூயார்க் மாநிலத்துக்கு மூன்று லட்சம் டாலர் கட்டியது. வெள்ளிக்கிழமையை இதற்கே ஒதுக்கி, திருப்தியடைந்த வாடிக்கையாளராக எழுதுங்கள் என்று உள்ளே மெயிலே போயிருக்கிறது. நம் ஊரில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவியூக்களுக்கு ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் கொண்டு வந்தது. விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்பதாக. யார் விருப்பப்படப் போகிறார்கள்? 2023 ஆகஸ்டில் வந்த மருத்துவர் நடத்தை விதி, நோயாளியிடம் பாராட்டுக் கேட்டு வாங்கிச் சமூக வலைத்தளத்தில் போடக் கூடாது என்று சொன்னது. அதே மாதம் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

போட்டோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு எடுத்தது ஈரத் தலை, நேர் மேலே விளக்கு, தலை குனிந்தபடி. பின்பு எடுத்தது காய்ந்த முடி, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், தலை நிமிர்ந்து, ஒரு பக்கமாகச் சீவி. என் தலையையே குளியலறையில் இந்த இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன், ஒரு ரூபாய் செலவில்லாமல் ஐந்து நிமிடத்தில் எனக்கு முடி வளர்ந்துவிட்டது. அந்த ஆயிரத்தில் ஒருவர்கூடப் பின்னந்தலையைப் போட்டோ எடுத்துப் போடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பின்னந்தலைதான் விஷயமே. அங்கே இருப்பதுதான் மொத்தக் கையிருப்பு. தோண்டின இடத்தில் திரும்ப முளைக்காது, நிதானமாகப் பரவலாக எடுத்தால் வெளியே தெரியாது, அவசரத்தில் ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்தால் தெரியும். பத்தாவது மாதம் எங்கள் தெரு சலூனில் முடி வெட்டப் போனேன். சின்ன வயதிலிருந்து எனக்கு வெட்டுகிறவர், கழுத்துத் துணியைக் கட்டிவிட்டுப் பின்னால் போனவர் சீப்பை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "என்ன தம்பி, பின்னாடி புழுவெட்டா?" என்றார். கையால் தடவிக் காட்டினார், கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். வலது காதுக்குப் பின்னால் எட்டணா அகலத்துக்கு இரண்டு இடம், பூச்சி அரித்த கம்பளி மாதிரி. இப்போது அதை மறைக்கப் பின்னால் நீளமாக விட்டிருக்கிறேன். முன்னால் நட்டதை வளர்க்க, பின்னால் இருப்பதை வளர்க்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் முன் கோடு மோசமில்லை. அடர்த்தி அவர்கள் சொன்னதில் பாதிதான் இருக்கும், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் முடி உள்ளவன் என்று சொல்லலாம். உச்சி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு ஸ்டார், ஏலக்காய் டீக்குக் கால் ஸ்டார் கூட.

எனக்கு நடந்ததெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்பதும் தெரியும். 2016இல் இதே சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு இறுதியாண்டு மருத்துவ மாணவர் இறந்துபோனார். டாக்டருக்குப் படிக்கிற பையன். சலூன் உரிமத்தில் நடந்த இடம் என்று அப்போது செய்திகளில் வந்தது. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கப் போன கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. ரிவியூ பக்கத்தில் இந்த மாதிரிக் கணக்கு ஒருநாளும் ஏறாது, எழுதுகிறவர்கள் எல்லாம் பிழைத்து வீட்டுக்கு வந்தவர்கள். பெங்களூர்ச் சம்பவம் நடந்த அதே வருடம் செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுவதற்கு வழிகாட்டி வெளியிட்டது. முறைப்படி பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோ செய்ய வேண்டும், பயிலரங்கில் உட்கார்ந்தோ யூடியூபில் பார்த்தோ கற்றுக்கொண்டது போதாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யூடியூப் என்ற சொல்லை அரசாங்கமே எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி பையன் மூக்கைச் சரி செய்யப் போகிறேன் என்று போன மாதம் வந்தான், கையில் அதே மாதிரி ஒரு 4.9. உட்கார வைத்து ஸ்டாரை மறைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். புதியது முதலில் என்று வரிசை மாற்று, மூன்று ஸ்டாரை முதலில் படி, ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்து எழுதினவன் எவனாவது இருக்கிறானா பார். டாக்டர் பெயரைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் போட்டு என்ன படிப்பு என்று பார். அப்புறம் நேரில் போய், கத்தியைப் பிடிக்கப் போவது யார், போன வருடம் உங்களிடம் செய்துகொண்ட ஒருவரோடு நான் பேச முடியுமா என்று கேள். போய்க் கேட்டிருக்கிறான். கவுன்சலர், "எங்க ரிவியூ பாருங்க சார்" என்றாராம்.

என் ரிவியூவைப் போன வாரம் திருத்தினேன். நான் எழுதின அந்த ஐந்து ஸ்டாருக்கு 41 லைக் விழுந்திருந்தது, அதில் எத்தனை பேர் அட்வான்ஸ் கட்டினார்களோ. இரண்டு ஸ்டாராக மாற்றி, 14 மாதக் கணக்கையும் பின்னந்தலை போட்டோவையும் போட்டேன். அரை மணி நேரத்தில் ஃபோன் வந்தது, எடுக்கவில்லை. மறுநாள் கீழே பதில் போட்டிருந்தார்கள்: "இந்தப் பெயரில் எங்களிடம் எந்த நோயாளியும் பதிவாகவில்லை, தயவுசெய்து தொடர்பு கொள்ளவும்." முதலில் ஐந்து ஸ்டார் போட்டபோது அதே இடத்தில் என் பெயரைச் சொல்லி, உங்களுக்குச் சேவை செய்தது எங்கள் பாக்கியம் என்று போட்டிருந்தார்கள். அந்த நன்றி மெயில் இன்னும் என் இன்பாக்ஸில்தான் இருக்கிறது.