டர்போ காருக்கு கேட்ச் கேன்: திறந்ததா, மூடியதா, வேண்டவே வேண்டாமா?

காட்பாடிப் பக்கம் ஒரு கடையில் என் டர்போ பெட்ரோல் காருக்கு, ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் மாட்டினேன். மூன்றாவது வாரம் வேலூர் கிரீன் சர்க்கிளில் வண்டி நகராமல் நின்றபோது ஏசி வழியாக ஆயில் வாடை. "அடுப்புல எதையோ வெச்சுட்டு வந்த மாதிரி தீயுதுப்பா" என்றார் அம்மா. அப்புறம் மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, ஆயில் ஆவியோடு சேர்ந்து இன்ஜினின் அடிப்பகுதியில் தேங்கும். அதை ஓஸ் வழியாக, இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக்குக்கே அனுப்பி எரிப்பதுதான் கம்பெனி ஏற்பாடு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை, கரி படிகிறது. நடுவில் டப்பா வைத்து ஆயிலைப் பிடிக்கலாம் என்ற யோசனை சரிதான். மாட்டுவதில்தான் பிசகுகிறது.

நான் முதலில் போட்டது திறந்த டப்பா. தலையில் குட்டி ஃபில்டர், திரும்பிப் போக ஓஸ் கிடையாது. விலை குறைவு. ஆனால் ஆவி முழுவதும் பானட்டுக்குள் பரவி, கண்ணாடிக்குக் கீழே ஏசி காற்று இழுக்கும் இடத்துக்கு வந்துவிடும். புகை விதிப்படியும் அதை வெளியே விடக்கூடாது. தினசரி ஓடும் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்து மூடிய டப்பா. உள்ளே தடுப்புத் தட்டுகள் இருக்க வேண்டும். ஆயில் துளி எதிலாவது மோதினால்தான் படியும். என்னுடையது வெறும் டப்பா. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டித் திறந்தால் ஒரு ஸ்பூன் தேறவில்லை, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸில் உள்பக்கம் மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கச் சொன்னார்கள். செய்துவிடாதீர்கள். ஒரு இழை பிய்ந்து டர்போவின் விசிறிக்குள் போனால் செலவு தாங்காது.

டர்போவில் இன்னொரு சிக்கல், இந்த வாயு வெளியேற வழி இரண்டு. சாதாரண ஓட்டத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு இழுக்கிறது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறினால் அந்த வழியில் உள்ள ஒருவழி வால்வு மூடி, வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள ஓஸில் போகிறது. ஒரு ஓஸில் மட்டும் டப்பா வைத்தால் பாதி வேலைதான். அந்த ஒருவழி வால்வை எடுத்துவிட்டு மாட்டினால் பூஸ்ட் காற்று இன்ஜினுக்குள் இறங்கி ஆயில் சீலைத் தள்ளிவிடும். மெல்லிய ஓஸ் சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி, அதைச் சுற்றி ஆயில் கசிந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

மார்கழியில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியபின் டப்பாவில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. பயந்துவிட்டேன். குளிரில் படிந்த நீரும் ஆயிலும் கலந்ததுதான் அது. கொட்டிவிட வேண்டும், திரும்ப இன்ஜினில் ஊற்றக் கூடாது. டப்பா நிரம்பும்வரை மறந்தால், மொத்தத்தையும் இன்ஜினே இழுத்துக் குடிக்கும்.

இப்போது கம்பெனி அமைப்புக்கே திரும்பிவிட்டேன். பல இன்ஜின்களில் வால்வு கவருக்குள்ளேயே ஆயில் பிரிப்பான் இருக்கிறது. ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேல் நிரப்பாமல், சரியான கிரேடை நேரத்துக்கு மாற்றினால் போதும். டியூன் செய்து பூஸ்டைக் கூட்டிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு மட்டும், தடுப்புள்ள மூடிய டப்பாவை இரண்டு வழியிலும் போடச் சொல்வேன். கம்பெனி ஓஸை வெட்ட விடாதீர்கள். பழைய ஓஸைப் பரணில் போட்டு வைத்திருந்ததால்தான் ஒரே மணி நேரத்தில் என் வண்டியைப் பழையபடி ஆக்க முடிந்தது.