கறிவேப்பிலை: நிழலா, வெயிலா, ஃப்ரீசரா?

ஆடிக்கு முன்னால் செங்காம்புக் கறிவேப்பிலை மரத்தைக் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், இரண்டு கூடைத் தழை ஒரே நாளில் வந்து சேரும். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் வருசா வருசம் இதுதான் கதை. அக்கம்பக்கம் கொடுத்தது போக மிச்சத்தை மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது நான் நிழல் கட்சி.

வெயிலில் ஒரே நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும், சரி. ஆனால் பச்சை வெளுத்து, கசக்கினால் வைக்கோல் வாசம்தான் வரும். இலையின் மணமே ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. சூட்டில் முதலில் பறப்பது அதுதான்.

மணத்தில் ஃப்ரீசர் நிழலை ஜெயிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அரிசிம்பருப்பு சாதத் தாளிப்புக்கு டப்பாவிலிருந்து நேரே எண்ணெயில் போடலாம். வெளியே வைத்தால் கறுத்துத் துவண்டுவிடும்; பொடிக்கு ஆகாது. அரைநாள் கரண்ட் போனால் அதுவும் போச்சு.

நிழலுக்கு ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், வேட்டி விரித்து, கொத்தோடு ஒற்றை அடுக்காகப் பரப்புகிறேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். மேலே ஒரு துணி போர்த்தி ஓரத்தில் கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் தழை பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும்.

காயவைப்பது பெரிதில்லை, எப்போது பாட்டிலில் அடைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் வருசம் இலை நொறுங்கியதைப் பார்த்து அவசரப்பட்டு அடைத்தேன். மூன்றாம் வாரம் திறந்தால் புழுங்கல் வாடை, அடியில் வெள்ளையாய்ப் பூசணம். அத்தனையும் உரக்குழிக்குப் போனது. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) எட்டிப் பார்த்துவிட்டு, "காம்ப ஒடிச்சுப் பாத்தியா கண்ணு? டொக்குனு ஒடியோணும்" என்றார். இலை காய்ந்த பிறகும் காம்பிலும் நடு நரம்பிலும் ஈரம் நின்றிருக்கிறது.

இப்போது காம்பு ஒடிந்த பிறகே உருவுகிறேன். உருவியதைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். துளி வேர்த்திருந்தாலும் திரும்ப வேட்டிக்கு. தேறியதை இருட்டு அலமாரியில் இலையாகவே வைக்கிறேன். பொடித்தால் வாசம் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும்தான் பொடிப்பது. ஐப்பசி மழையில் அந்தப் பாட்டிலுக்குள் ஈரக்கை போட யாருக்கும் அனுமதி கிடையாது.

முருங்கைக்கீரைக்கும் இதே முறை ஒத்துவருகிறது, அது இன்னும் சீக்கிரம் காயும். கொத்துமல்லித்தழையை ஒரே ஒரு தரம்தான் காயவைத்தேன். ரசத்தில் போட்டது போட்டபடி, மணமே தெரியவில்லை. ஒரு தரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை மட்டும் சந்தையில் பச்சையாகத்தான் வாங்குகிறேன்.